செவ்வியல் நாடகத்தை நேரில் காணும் இடங்கள்



இன்றைய பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் எளிய வினாவாகும். பழம்பெரும் நாடகங்களை நூலாகப் படிக்காமல், நாடகமாகவே நேரில் காண எங்கே செல்ல வேண்டும்? முத்தமிழ் என்று நாள்தோறும் சொல்லுகிறோம். எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத் தேர்விலும் நாடகத்திற்கு ஓர் இடம் உண்டு. ஆயினும் பாயா ரும்புட், மச்சாப், அலோர் காஜா, ஜாசின் என இம்மாநிலத்தின் எப்பகுதியில் வளர்ந்த மாணவராயினும், நாடகத்தைத் தாளில் சந்தித்த அளவுக்கு அரங்கில் சந்தித்திருக்க மாட்டார். பாத்திரப் படைப்பு, உத்தி, உரையாடற் சிறப்பு எனப் பகுத்து விடை எழுதுகிறோம். ஆடப்படாத நாடகத்தை அவ்வாறு பகுப்பது, இசையைக் கேளாமல் சுரக்குறிப்பை மனனம் செய்வதை ஒத்தது.

வினா எளிது என்றோம். விடையைத் தேடப் புகுந்தால் வேறொரு செய்தி தெரியவருகிறது. பழைய நாடகம் இன்றும் உயிரோடு இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவற்றுட் பல பெருநகர அரங்குகள் அல்ல. யாரோ ஒருவர் ஆடியே தீர வேண்டும் என்ற கடப்பாடு உள்ள ஊர்கள் அவை. ஒரு கோயிலுக்கு, ஒரு நேர்த்திக்கடனுக்கு, ஓர் ஊரின் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு ஆடுகிறார்கள். ஆகவே 'எங்கே' என்று கேட்பதோடு, 'எப்போது, யாருக்காக' என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

தஞ்சையிலிருந்து தொடங்குவோம். இராசராசன் எடுத்த பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காக, விசயராசேந்திர ஆச்சாரியன் என்னும் சாந்திக்கூத்தனுக்கும் அவன் வழியினர்க்கும் நாளொன்றுக்கு ஒரு தூணி நெல் வீதம் ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்க அக்கல்வெட்டு ஆணையிடுகிறது. மூன்று தூணி ஒரு கலம். 360 நாளுக்கு 120 கலம். கணக்குச் சரியாக நிற்கிறது. நாடகந்தான் நிற்கவில்லை. அதன் ஓர் அடிகூட நமக்குக் கிட்டவில்லை. பதினோராம் நூற்றாண்டில் தமிழ் நாடகம் ஆண்டுதோறும் ஆடப்பட்டது என்பதற்குச் சான்று, அந்த நாடகம் அன்று. அதற்கு அளந்த நெல்லே.

இதற்கு நேர்மாறான கதை காஞ்சிபுரத்தினுடையது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் சிறு நகை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். கள்ளுண்ட காபாலிகன் ஒருவன் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, பௌத்தத் துறவி ஒருவரே அதைத் திருடினார் என்று காஞ்சித் தெருவில் வழக்காடுகிறான். இறுதியில் அதைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்பது தெரியவருகிறது. தன் தலைநகரின் துறவிகளைத் தானே எள்ளி நகையாடிய அரசன்! இந்நாடகத்தின் ஏடு காஞ்சியில் கிடைக்கவில்லை, கேரளத்தில் கிடைத்தது. கணபதி சாஸ்திரியார் 1917இல் அதைத் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். ஏடு மட்டுமா? கேரளக் கோயில்கள் சிலவற்றில் சாக்கையர்கள் மத்தவிலாசத்தை மகப்பேறு வேண்டுவோரின் நேர்த்திக்கடனாகவே ஆடி வந்திருக்கிறார்கள். காபாலிகனின் கூத்து குழந்தை வரம் கேட்கும் வழிபாடாக மாறியதை மகேந்திரன் கேட்டிருந்தால் இன்னொரு பிரகசனம் எழுதியிருப்பான். ஆனால் அந்த மாற்றமே நாடகத்தைக் காத்தது. எழுதிய ஊர் மறந்துவிட்டது. வேண்டிக்கொண்ட ஊர் மறக்கவில்லை.

ஆதலின் செவ்வியல் நாடகத்தைக் காண விழையும் தமிழாசிரியர்க்கு நாம் முதலில் காட்டும் இடம் கேரளம். கூடியாட்டம் என்பது வடமொழி நாடகங்களைக் கோயிற் கூத்தம்பலங்களில் ஆடிவரும் மரபு. 2001இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த வாய்மொழி, அருவ மரபுச் செல்வங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. ஜப்பானின் நோ நாடகமும், சீனத்துக் குன்சூ இசை நாடகமும், ஸ்பெயினின் எல்சே நகரத்து மறை நாடகமும் அதே பட்டியலில் உள்ளன. சிலப்பதிகாரம் படித்தோர்க்குச் சாக்கையர் புதியவர் அல்லர். செங்குட்டுவன் முன்னே கொட்டிச்சேதம் ஆடிக்காட்டிய பறையூர்க் கூத்தச் சாக்கையன் நடுகற்காதையில் வருகிறான். அக்கூத்தும் இன்றைய கூடியாட்டமும் ஒன்றே எனச் சொல்ல இடமில்லை. ஆயினும் சேர நாட்டில் ஆடுவோர் குடியின் பெயர் இத்தனை நூற்றாண்டு நிலைத்திருப்பது மொழியியலாளர் வியந்து நிற்கத்தக்க செய்தியே.

அரங்கில் நிகழ்வதைச் சற்று விரித்துரைப்போம். மேடையின் முன்பு ஒரு பெரிய வெண்கல விளக்கு. அதில் மூன்று திரிகள்: இரண்டு ஆடுவோரை நோக்கி, ஒன்று அவையோரை நோக்கி. பின்புறம் மிழாவு. நம் இலக்கியங்கள் கூறும் குடமுழாவை நினைவூட்டும் பெரிய குடவடிவப் பறை அது. நங்கையர் குலப் பெண்கள் தாளமிட்டுச் செய்யுள் சொல்லுவர். ஆடுபவர் ஒரு செய்யுளை மெல்ல ஓதுவார். பிறகு கையாலும் கண்ணாலும் அதன் ஒவ்வொரு சொல்லையும் விரிப்பார். ஒரு நாடகத்தை ஓரிரவில் முடிக்கும் பழக்கம் அங்கு இல்லை. ஓர் அங்கமே பல இரவுகள் நீளும். சக்திபத்திரர் இயற்றிய 'ஆச்சரிய சூடாமணி'யின் அங்குலீயாங்கம், அதாவது அனுமன் சீதைக்குக் கணையாழி கொணரும் அங்கம், இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்கக் கோயிலில் 12 நாள் கூத்தாக நடப்பது மரபு. எதிரே அமர்ந்திருப்போர் மிகச் சிலர் ஆயினும் ஆட்டம் குறைவதில்லை. அது தெய்வத்தின் முன் ஆடப்படுவது.

மாணவர்க்கு எழும் ஐயம் ஒன்று உண்டு. வடமொழியும் பிராகிருதமும் புரியாத அவைக்கு இந்நாடகம் எப்படி எட்டியது? விடை நாடகத்தின் உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. விதூடகன் என்னும் நகைச்சுவைப் பாத்திரம், தலைவன் சொன்ன வடமொழிச் செய்யுளை மலையாளத்தில் விளக்குவான். அதற்கு எதிராக ஒரு கேலிப் பாட்டும் சொல்லுவான். ஊர் நடப்பையும் இடையே குத்திக்காட்டுவான். பழைய மொழியையும் மக்கள் மொழியையும் ஒரே மேடையில் நிறுத்தி, ஒன்றுக்கு மற்றொன்றை உரையாசிரியனாக்கிய அமைப்பு இது. மொழியியலில் நாம் இரட்டை வழக்கு எனக் குறிப்பதை அக்கூத்தர்கள் ஆட்ட உத்தியாகவே கையாண்டிருக்கிறார்கள். நம் பள்ளிகளில் 'பழந்தமிழ் பிள்ளைகளுக்குப் புரியாது' என்று சொல்லி நாடகப் போட்டிக்கு எளிய துணுக்குகளையே தேர்கிறோம். புரியாமை ஒரு தடையாயின், அதை விலக்கும் வழியை நாடகமே வைத்திருக்கிறது என்பதை விதூடகனிடம் கற்கலாம்.

எங்கே காண்பது? திருச்சூருக்கு அண்மையில், செருதுருத்தியில் உள்ள கேரள கலாமண்டலம் 1930இல் தொடங்கப்பட்டது. கூடியாட்டக் கல்வி அங்கே 1965இல் பைங்குளம் ராம சாக்கையாரின் தலைமையில் தொடங்கியது. அதுவரை அக்குலத்தார்க்கு மட்டுமே உரியதாக இருந்த கலை, பிறர்க்கும் திறக்கப்பட்டது அப்போதுதான். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடப்பாடு கலையைக் காத்தது. ஆனால் அதே கடப்பாடு அதைச் சில குடும்பங்களுக்குள்ளும், எல்லாரும் நுழைய இயலாத மதிலுக்குள்ளும் பூட்டியும் வைத்தது. பூட்டைத் திறந்தோர் இல்லாவிடில் இன்று நாம் காண்பதற்கு ஒன்றும் இருந்திராது. திருவனந்தபுரத்தில் மார்கி, இரிஞ்ஞாலக்குடையில் அம்மன்னூர் குருகுலம், மூழிக்குளத்தில் நேபத்யா ஆகியன ஏனைய இடங்கள். மூழிக்குளம் என்றதும் வைணவ இலக்கியம் பயின்றோர் நிமிர்ந்து உட்காருவர். நம்மாழ்வார் பாடிய திருமூழிக்களம் அதுவே. கோலாலம்பூரிலிருந்து கொச்சிக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து மூழிக்குளம் மிக அண்மையில் உள்ளது.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால நாடகத்துக்கு வருவோம். ஷேக்ஸ்பியரை அவர் காலத்து அரங்க முறையில் காண வேண்டுமாயின், இலண்டன் தேம்ஸ் கரையில் 1997இல் திறக்கப்பட்ட குளோப் அரங்கு உண்டு. கூரையில்லா முற்றத்தில் நின்றுகொண்டே பார்க்கலாம். மழை வந்தால் நனையலாம். கிரேக்க நாடகத்துக்கு எபிதாவ்ரோசின் பழைய கல்லரங்கும், சிசிலித் தீவின் சிராக்கூசாவும் உள்ளன. சிராக்கூசாவில் 1914 முதலும், எபிதாவ்ரோசில் 1955 முதலும் நாடக விழாக்கள் நடந்துவருகின்றன. இவை போற்றத்தக்கனவே. ஆயினும் இவை அறுந்த நூலை அறிஞர்கள் முடிச்சுப் போட்டு இணைத்த இடங்கள். அறாத நூலைக் காண வேண்டுமாயின் எல்சே நகரத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே ஒவ்வோர் ஆகஸ்டு 14, 15ஆம் நாளிலும் மாதாவின் விண்ணேற்பு நாடகத்தைத் தேவாலயத்தினுள்ளேயே ஊர் மக்கள் பழைய வலென்சிய மொழியில் பாடி நடிக்கிறார்கள். செருமனியின் ஓபராம்மர்காவ் ஊரார் 1633இல் கொள்ளை நோய்க்கு அஞ்சி ஒரு நேர்த்தி செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டில் தொடங்கி இன்றுவரை இயேசுவின் பாடுகளை நாடகமாக்கி வருகிறார்கள். பத்தாண்டுக்கு ஒரு முறை ஆடப்படும் அந்நாடகம் 2020இல் மற்றொரு கொள்ளை நோயால் தள்ளிவைக்கப்பட்டு 2022இல் நடந்தது. நோய்க்காக நேர்ந்த நாடகத்தை நோயே நிறுத்திவைத்தது.

மலாக்காவில் வாழும் நமக்கு மறுமலர்ச்சிக் காலம் அயல் வரலாறு அன்று. 1511இல் போர்த்துகீசியர் இவ்வூரைப் பிடித்தனர். அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள் தமிழிலும் மலாயிலும் ஒருங்கே உள்ளன. நம் மேசை அவர்களுக்கு மேஜா. நம் அலமாரி அவர்களுக்கு அல்மாரி. நம் சன்னல் ஜெண்டேலா. ஈழத்தமிழரின் சப்பாத்து மலாயில் செப்பாத்து. நாடகமும் அக்கப்பல்களின் வழியே நம் மொழிக்குள் இறங்கியது. கொச்சிக்கும் கொடுங்கல்லூருக்கும் இடைப்பட்ட கடலோரத்தில், கோதுருத்து முதலிய ஊர்களில், இலத்தீன் கத்தோலிக்கர் ஆடும் சவிட்டு நாடகத்தில் சார்லமேன் பேரரசனும் அவனுடைய வீரர்களும் வருகிறார்கள். பலகை மேடை அதிர மிதித்து ஆடுவதால் சவிட்டு என்று பெயர். ஐரோப்பிய அரசனின் உடையில் வரும் அவ்வீரர்கள் பாடும் மொழியோ தமிழ் மிகுதியாகக் கலந்த பழைய நடை. இந்நாடகத்தை உருவாக்கியவராக மரபு சொல்லும் பெயர் சின்னத்தம்பி அண்ணாவி. அண்ணாவி என்பது இன்றும் ஈழத்தில் கூத்துப் பயிற்றுநரைக் குறிக்கும் சொல். ஒரு சொல்லின் பரவலைக்கொண்டே ஒரு கலையின் வழித்தடத்தை வரையலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

ஈழத்து மன்னாரிலும் இவ்வழித்தடம் தெரிகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் பதிப்பித்த மன்னார் நாடகம் ஒன்றின் பெயர் 'எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்'. எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல். என்றிக் என்னும் மன்னனைத் தமிழ்க் கூத்தின் ஆட்டத்திலும் பாட்டிலும் அமர்த்தி, ஊர் மக்கள் ஆடினார்கள். யாழ்ப்பாணத்தில் 1965இல் தோன்றிய திருமறைக் கலாமன்றம் தவக்காலத்தில் மேடையேற்றும் திருப்பாடுகளின் நாடகங்கள் இம்மரபின் பிற்காலக் கிளை. ஐரோப்பிய மறை நாடகத்தைத் தமிழில் காண விரும்புவோர் செருமனிக்குச் செல்ல வேண்டியதில்லை.

ஷேக்ஸ்பியர் தமிழில் இல்லையா என்று கேட்பீர்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையை நிறுவி, ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்றும், வெனிஸ் வணிகனை 'வாணீபுர வணிகன்' என்றும் மேடையேற்றினார். விபுலானந்த அடிகள் 1926இல் வெளியிட்ட 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ்க் கண்ணால் ஆராய்ந்தார். சங்கரதாச சுவாமிகளும் 'சிம்பலின்' நாடகத்தைத் தமிழாக்கினார். ஆனால் இன்று மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் விழாக்களில் விடிய விடிய நடப்பது அவருடைய சிம்பலின் அன்று; வள்ளி திருமணமே. ஆசிரியர் ஒருவரே. ஒன்று ஆர்வலருக்காக எழுந்தது. மற்றொன்றுக்கு முருகன் கோயில் இருந்தது. அமலாதித்யனுக்குக் கோயில் இல்லை.

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம செயந்தியை ஒட்டிப் பாகவத மேளம் நடக்கிறது. தெலுங்கு நாடகங்கள், ஆண்களே பெண் வேடமும் புனைவர். பிரகலாத சரித்திரத்தில் நரசிங்க முகமூடி வெறும் ஒப்பனைப் பொருள் அன்று, வழிபடப்படுவது. இசையும் ஆடலும் பயில்வோர் தவறாது காணத்தக்கது.

நாம் எல்லாவற்றினும் மேலாகப் பரிந்துரைப்பது வடதமிழகத்துப் பாரதக் கூத்தே. செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பகுதிகளில் பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பிற்பகலில் வில்லிபாரதச் சொற்பொழிவு. இரவில் அதே கதையின் கூத்து. பகலில் ஒருவர் உரைத்ததை இரவில் கூத்தர் ஆடுவர். இதைவிடச் சிறந்த பாடத்திட்டத்தை எந்தக் கல்வி அமைச்சும் வகுத்ததில்லை. வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என இரவுகள் நகரும். இருவர் பிடித்த திரையின் பின்னே நின்று பாடிவிட்டுத்தான் வேடம் வெளிப்படும். கட்டியங்காரன் முதலில் வருவான். அரசன் பாட்டிலும் செந்தமிழ் வசனத்திலும் பேச, கட்டியங்காரன் அதை ஊர்ப்பேச்சில் திருப்பிக் கேட்டுக் கிண்டல் செய்வான். கேரளத்து விதூடகனின் தமிழ் உடன்பிறப்பு இவன். மாணவர்கள் குறிப்பேடு எடுத்துச் சென்று, ஓர் இரவில் இவன் பேசும் வழக்குச் சொற்களை மட்டும் எழுதினாலே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

இறுதி நாள் காலையில் படுகளம். திறந்த வெளியில் துரியோதனன் மண்ணுருவாக நெடுங்கிடையாகக் கிடப்பான். அதன் மேலும் சுற்றியும் வீமனும் துரியோதனனும் ஓடிப் பொருவர். தொடை பிளந்தபின் பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். பார்த்து நிற்கும் பெண்கள் அழுவதை நாம் கண்டிருக்கிறோம். அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்துக்குச் சொன்ன இலக்கணத்தை வகுப்பறையில் விளக்க அரைமணி ஆகிறது. அங்கே விளக்கவே வேண்டியதில்லை. செய்யாற்றுக்கு அண்மையிலுள்ள புரிசை, கண்ணப்பத் தம்பிரான் வழியினரால் புகழ்பெற்ற ஊர். கூத்துப்பட்டறையை 1977இல் தோற்றுவித்த ந. முத்துசாமி நவீன நாடகத்துக்கு வழி தேடி வந்தடைந்த ஊரும் அதுவே.

நம் நாட்டில் என்ன உண்டு? கிளந்தானின் மாக் யோங் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 1991 முதல் அம்மாநிலத்தில் அதன் பொது ஆட்டத்துக்குத் தடை இருந்தது. 2019இல் நிபந்தனைகளோடு தளர்ந்தது. இடைப்பட்ட காலத்திலும் நோய் நீக்கும் சடங்கோடு பிணைந்த வடிவம் சிற்றூர்களில் தொடர்ந்தது. தமிழர்க்கு அண்மையான இடம் சிங்கப்பூர். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலில் ஐப்பசித் தீமிதிக்கு முன்பாகத் திரௌபதி திருக்கல்யாணம், அரவான் பலி, படுகளம் ஆகியன சடங்குகளாக நடக்கின்றன. இரவு முழுதும் ஆடும் கூத்து அங்கில்லை. கூத்தின் எலும்புக்கூடு உள்ளது. வில்லிபாரதம் பயிற்றும் ஆசிரியர் ஒருவர் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றால், அவ்வெலும்பின்மேல் தசை எவ்வாறு இருந்திருக்கும் என்பதை அவரே சொல்லிக் காட்டலாம். தீபாவளிக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னர் அது நிகழும். மலாக்காவிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் பிற்பகலில் சேரலாம்.

செல்வோர்க்குச் சில நடைமுறைச் செய்திகள். கலைவிழாக்களில் ஒரு மணி நேரத்துக்கு வெட்டிக் காட்டும் கூத்தைக் கண்டு நிறைவுறாதீர்கள். அது மாதிரித் துண்டு. ஆடப்போகும் பகுதியை முன்னதாகப் படித்துச் செல்லுங்கள். கேரளக் கோயில்கள் பலவற்றினுள் இந்துக்களுக்கு மட்டுமே நுழைவு உண்டு. பிற சமயத்து மாணவர் உடன் வந்தால் கலாமண்டலம் போன்ற நிறுவன அரங்குகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். பாரதக் கூத்துக்குச் சென்னையிலிருந்து செய்யாறு பேருந்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம். எந்த ஊரில் எந்த இரவு எந்தக் கூத்து என்பதைப் பேருந்து நிலையச் சுவரொட்டிகளும் தேநீர்க் கடைக்காரரும் சொல்லுவர். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும், முடியும்போது விடிந்திருக்கும். நாற்காலி எதிர்பார்க்க வேண்டா. ஆளுக்கொரு பாயும், பனிக்கு ஒரு துண்டும் எடுத்துச் செல்லுங்கள்.